குழிக்குள் வீடு கட்டி வாழ்ந்தார்களா? காஷ்மீரின் 5,000 ஆண்டுப் பழைய ஊர் புர்சஹோம் பற்றி இன்னும் முடியாத விவாதம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "புதிய கற்கால மனிதர்கள் குழிகளில் வசித்த இடம் எது?" என்றால், யோசிக்காமல் பதில் வரும்: புர்சஹோம். ஒரு மதிப்பெண் கேள்வி. கையேட்டில் ஒரு வரி. அதோடு முடிந்தது.

ஆனால் அந்த ஒரு வரி சரியா என்பதில் தொல்லியல் ஆய்வாளர்களுக்கு இடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அவை வீடுகளே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. இதைத் தீர்த்து வைக்கும் சாட்சி எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அந்த ஊர் மண்ணுக்குள், இன்னும் தோண்டாத பகுதியில்தான் இருக்க முடியும். வெளியில் பார்த்தால் புல் முளைத்த வெறும் மேடாகத் தெரியும் ஒரு இடத்தை அரசு ஏன் சட்டம் போட்டுப் பாதுகாக்கிறது என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான்.

எங்கே இருக்கிறது புர்சஹோம்?

காஷ்மீர் டூர் போனவர்களுக்கு தால் ஏரியும் ஷாலிமார் தோட்டமும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தில்தான், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் வடகிழக்கில், தால் ஏரிக்கும் ஜபர்வான் மலைகளுக்கும் நடுவே இருக்கிறது இந்தக் கிராமம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம்.

இந்த ஊர் உட்கார்ந்திருப்பது 'கரேவா' என்ற மேட்டு நிலத்தில். காஷ்மீர் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்தது. அந்த ஏரியின் அடியில் படிந்த வண்டலும், பிறகு காற்று கொண்டுவந்து கொட்டிய மென்மையான மண்ணும் சேர்ந்து உருவானவைதான் கரேவாக்கள். மேலே தட்டையாக, ஓரத்தில் செங்குத்தாக இருக்கும். பாம்போரில் குங்குமப்பூ விளைவது இந்த மாதிரி மண்ணில்தான். பெரிய கருவி இல்லாமலே தோண்டிவிடலாம், தோண்டிய பிறகும் சுவர் சட்டென்று சரியாது. 5,000 ஆண்டுக்கு முன்னால் கல்லையும் எலும்பையும் மட்டும் கையில் வைத்திருந்த மனிதர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஊர்ப் பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. காஷ்மீரியில் 'புர்ஸ' என்றால் பூர்ஜ மரம். மரப்பட்டையில் சுவடி எழுதுவார்களே, அதே மரம். அகழாய்வில் எரிந்துபோன பூர்ஜ மரத் துண்டுகள் கிடைத்தன. குழிகளுக்கு மேல் கூரை போட அந்த மரத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது அதை வைத்துத்தான்.

யார் கண்டுபிடித்தது?

1930களில் ஹெல்முட் டி டெர்ரா, டி.டி. பேட்டர்சன் ஆகியோர் அடங்கிய யேல் - கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழு காஷ்மீருக்கு வந்தது. பனியுக காலத்து மண்ணையும் மனிதத் தடங்களையும் தேடி வந்தவர்கள் கண்ணில் புர்சஹோம் பட்டது. (அதே குழு சென்னைக்கும் வந்து, இங்கே சுற்றுவட்டாரத்தில் கிடைத்த பழைய கற்காலக் கருவிகளையும் ஆராய்ந்தது. அவர்கள் 1939-ல் வெளியிட்ட ஒரே புத்தகத்தில் காஷ்மீரும் வரும், மெட்ராஸும் வரும்.)

முறையான அகழாய்வு நடந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. இந்தியத் தொல்லியல் துறை, டி.என். கஜான்ச்சி தலைமையில் 1960 முதல் 1971 வரை தோண்டியது. சுமார் கி.மு. 3000 முதல் கி.மு. 1000 வரை தொடர்ந்து மனிதர்கள் அங்கே வாழ்ந்ததும், அதற்குப் பிறகு வரலாற்றுக் காலத்திலும் அங்கே ஆட்கள் இருந்ததும் தெரிய வந்தது.

அந்தக் குழிகளில் என்ன இருந்தது?

தோண்டத் தோண்ட வட்டமாகவும் நீள்வட்டமாகவும் குழிகள் வந்தன. இயற்கையான பள்ளம் இல்லை, கற்கருவியால் செதுக்கியவை. உள்சுவரில் மண் பூசியிருந்தார்கள். சிலவற்றில் இறங்குவதற்குப் படி இருந்தது. குழியின் விளிம்பைச் சுற்றி, கம்பு நட்ட துளைகளின் தடம் இருந்தது.

இருப்பதில் பெரிய குழியின் அளவைக் கேளுங்கள். ஆழம் 3.96 மீட்டர், அதாவது 13 அடி. வாய்ப் பகுதியின் விட்டம் 2.74 மீட்டர். அடிப் பகுதியின் விட்டம் 4.57 மீட்டர். மேலே குறுகல், கீழே அகலம். ஒரு பெரிய பானையை மண்ணுக்குள் புதைத்து வைத்த மாதிரி வடிவம். இந்த வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அகழாய்வு செய்தவர்கள் இவற்றை வீடுகள் என்று படித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. காஷ்மீர் குளிர் நாம் நினைக்கிற குளிர் இல்லை. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் 10 அடி இறங்கிவிட்டால் வெளிக்காற்று தாக்காது. படி இருக்கிறது, பூச்சு இருக்கிறது, கூரை போட்ட தடம் இருக்கிறது, அடுப்பின் சாம்பலும் இருக்கிறது. அப்புறம் வீடு இல்லாமல் வேறென்ன?

இது பாடப் புத்தகத்துக்குள் போனது, தேர்வுக் கேள்வியும் ஆனது.

'வீடு இல்லை, தானியக் குழி' என்றவர்கள்

1990களின் இறுதியில் ராபின் கோனிங்ஹாம், டி.எல். சதர்லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். காஷ்மீரிலும், பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலும் கிடைக்கும் இந்த மாதிரிக் குழிகள் குடியிருப்புகளா, தானியக் கிடங்குகளா என்பதுதான் அவர்கள் கேள்வி. கிடங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் வாதம்.

இப்போது அந்த வடிவத்துக்கு வருவோம். வாய் குறுகல், அடி அகலம். நம்ம ஊரிலும் கம்பு, சோளத்தைக் குழியில் கொட்டி, வாயை மண்ணால் பூசி மூடி வைக்கும் வழக்கம் இருந்தது. வாய் சின்னதாக இருந்தால் மூடுவது சுலபம். மூடிவிட்டால் உள்ளே காற்று போகாது. தானியம் மூச்சு விட்டு உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பூச்சி பிழைக்காது, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். உலகத்தில் பல இடங்களில் தானியக் குழிகள் இதே வடிவத்தில்தான் இருக்கின்றன. சுவரில் மண் பூசியதற்கும் இது பொருந்தும்.

இன்னொரு பக்கம், 13 அடி ஆழக் குழிக்குள் குடும்பம் வசித்தால் மழைத் தண்ணீரும் பனி உருகிய தண்ணீரும் எங்கே போகும்? அடுப்பு எரித்தால் புகை? இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. வாழ்ந்து பார்த்தால் முதல் நாளே வரும் பிரச்னை.

அப்படியானால் கிடங்குதான் என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. எல்லாக் குழியும் ஒரே அளவு இல்லை. சதுரமாகவும் செவ்வகமாகவும் வெட்டிய பள்ளங்களும் கிடைத்திருக்கின்றன. சிலது வீடு, சிலது கிடங்கு, சிலது குப்பைக் குழி என்று கலந்தே இருந்திருக்கலாம். முதலில் தானியம் வைத்து, பிறகு வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கலாம். என்னைக் கேட்டால், கையேட்டில் இருக்கும் அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியாவது போட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது அங்கேயும் புதிய கற்காலக் குழிகள் கிடைத்தன. அவையும் 'குழி வீடுகள்' என்றுதான் பதிவாகியிருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1960களில் இல்லாத சில வசதிகள் இன்று இருக்கின்றன. குழியின் தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அப்படியே கலையாமல் வெட்டி எடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, காகிதத்தைவிட மெல்லிய சீவலாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். மனிதர்கள் நடந்து நடந்து மிதிபட்ட தரை அதில் தனியாகத் தெரியும். தானியம் கொட்டிக் கிடந்த தரை வேறு மாதிரி இருக்கும். மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மேலே மிதந்து வரும். அந்த விதையைக் கார்பன் தேதியிடலுக்கு அனுப்பலாம். காஷ்மீரில் காசிம் பாக் என்ற இடத்தில் சமீப ஆண்டுகளில் இப்படிச் செய்துதான், சுமார் 4,000 ஆண்டுக்கு முன் அங்கே கோதுமையும் பார்லியும் விளைந்ததை உறுதி செய்தார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. மண் கலையாமல் இருக்க வேண்டும்.

எடைக்குப் போட அடுக்கி வைத்த பழைய பேப்பர் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது ஜனவரி, மேலே இருப்பது டிசம்பர். கட்டு கலையாத வரை, தேதி கிழிந்துபோன பேப்பர்கூட எந்த மாதத்துப் பேப்பர் என்று சொல்லிவிடலாம். கட்டைக் கொட்டிக் கலைத்துவிட்டால் எல்லாப் பேப்பரும் அங்கேயேதான் இருக்கும், ஒன்றும் குறையாது. ஆனால் வரிசை போய்விடும். மண் அடுக்கும் இப்படித்தான். ஒரு கற்கோடரியை எடுத்து வீட்டு ஷோகேஸில் வைத்தால் கோடரி பத்திரமாக இருக்கும். அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

அகழாய்வும் ஒரு வகையில் கலைப்பதுதான். ஒரு முறை தோண்டிய இடத்தை இரண்டாவது முறை தோண்ட முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க ஒரு பகுதியைத் தோண்டாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கிறார்கள்.

குழி மட்டும்தானா அங்கே?

இல்லவே இல்லை. சொல்லப்போனால் குழிக்குப் பிறகு வருவதுதான் இன்னும் சுவாரசியம்.

இரண்டாவது கட்டத்தில் மக்கள் தரைக்கு மேல் மண் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய குழிகளை நிரப்பி, அதன் மேலேயே தளம் போட்டார்கள். தரையில் செங்காவி பூசினார்கள். இறந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை. வீட்டுத் தரைக்கு அடியிலோ, வீட்டை ஒட்டியோ புதைத்தார்கள். எலும்புகளின் மேலும் செங்காவி இருக்கிறது.

சில புதைகுழிகளில் மனிதரோடு நாயும் இருந்தது. ஓநாய், ஐபெக்ஸ் என்ற காட்டு ஆடு ஆகியவையும் புதைக்கப்பட்டிருந்தன. வளர்த்தவரோடு நாயையும் சேர்த்துப் புதைத்தார்களா, அடுத்த உலகத்துக்குத் துணையாக அனுப்பினார்களா என்று பல விளக்கங்கள் உண்டு. எது எப்படியோ, வேட்டைக்குப் போன மனிதருக்கும் நாய்க்கும் இருந்த உறவு சாதாரணமானது இல்லை என்பது தெரிகிறது.

ஒரு மண்டையோட்டில் வேண்டுமென்றே துளையிட்டிருந்தார்கள். ஒன்றல்ல, பல துளைகள். தலையில் துளை போடும் பழங்கால வைத்திய முறைக்கு இந்தியாவில் கிடைத்த முக்கியமான சான்று இது.

அப்புறம் அந்தப் பானைகள். ஒன்றின் உள்ளே 950 மணிகள் இருந்தன. கார்னீலியன், அகேட் கல்லில் செய்தவை. இன்னொன்றில் கறுப்பு நிறத்தில் கொம்பு வைத்த உருவம் வரைந்திருந்தது. இந்த மாதிரி வரைந்த பானை, இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கும் கோட் டிஜி பண்பாட்டைச் சேர்ந்தது. அதாவது, பனி மலைக்குள் ஒதுங்கி வாழ்ந்ததாக நாம் நினைக்கிற இந்த ஊருக்கு, சிந்துவெளிச் சமவெளியோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. இரண்டு துளையிட்ட அறுவடைக் கத்தி மாதிரியான கற்கருவிகள் சீனாவில் கிடைப்பவை போலவே இருக்கின்றன. அந்தத் தொடர்பு எவ்வளவு தூரம் உண்மை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

வேட்டைக் காட்சி செதுக்கிய ஒரு கல்லும் கிடைத்தது. ஒருவர் கையில் வில், இன்னொருவர் கையில் ஈட்டி, நடுவில் மான், பக்கத்தில் நாய். மேலே இரண்டு சூரியன்! டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மயங்க் வாஹியா உள்ளிட்டவர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். இரண்டில் ஒன்று, வெடித்துச் சிதறிய நட்சத்திரமாக, அதாவது சூப்பர்நோவாவாக இருக்கலாம். அதன் மிச்சம்தான் இன்று 'எச்பி9' என்று வானியலாளர்கள் குறிப்பிடுவது என்றார்கள். படிக்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் இது ஒரு கருதுகோள், நிரூபித்த செய்தி இல்லை. 'உலகின் முதல் சூப்பர்நோவா ஓவியம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது கட்டத்தில் பெருங்கற்கள் வருகின்றன. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பாறைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்று அங்கே போனால் சட்டென்று கண்ணில் படுவது இவைதான்.

'பாதுகாக்கப்பட்ட இடம்' என்றால் என்ன?

புர்சஹோம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த இடமாக இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இதற்கான சட்டம் 1958-ல் வந்தது, 2010-ல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த 100 மீட்டருக்குள் சொந்த நிலம் வைத்திருப்பவரை யோசித்துப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணம், கூடுதலாக ஒரு ரூம் கட்ட வேண்டும். முடியாது. எதைக் காப்பாற்ற இந்தத் தடை? கோயிலோ கோட்டையோ என்றால் கண்ணுக்குத் தெரியும், மனசு ஒத்துக்கொள்ளும். இங்கே இருப்பது புல் தரை. தாஜ்மஹாலுக்கும் இந்த மேட்டுக்கும் ஒரே சட்டம் என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கோபம் வருவது இயல்புதானே? நாடு முழுக்க இந்த மாதிரிக் கிராமங்களில் இருக்கும் உண்மையான மோதல் இது. இடத்தின் கதையை ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் தடையை மட்டும் சொன்னால் பாதுகாப்பு காகிதத்தில்தான் நிற்கும்.

புர்சஹோமில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், தொல்லியல் இடம் மைதானமாகிவிட்டது என்று செய்திகள் வந்திருக்கின்றன. படத்தைப் பார்த்ததும் பதறத் தோன்றும். ஆனால் ரப்பர் பந்தும் மட்டையும் பத்தடி ஆழத்து மண் அடுக்கை ஒன்றும் செய்துவிடாது. உண்மையான ஆபத்து ஜேசிபி. செங்கல் சூளைக்கும், சாலைக்கும், ரயில் பாதை மேட்டுக்கும் மண் வேண்டும் என்று காஷ்மீரின் கரேவாக்களைப் பல ஆண்டுகளாக வெட்டி எடுக்கிறார்கள். புர்சஹோமுக்குச் சட்டக் காவல் இருக்கிறது. மற்ற கரேவாக்களில், இன்னும் யாரும் பதிவுகூடச் செய்யாத இடங்களுக்கு அது கிடையாது. தோண்டாமல் விட்ட மண்ணில்தான் பதில் இருக்கிறது என்றால், அந்த மண்ணே லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதா?

பாதி உண்மை. 2014 ஏப்ரலில் 'புர்சஹோம் புதிய கற்காலக் குடியிருப்பு' என்ற பெயரில் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. இது உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து இல்லை. 'பின்னால் இதைப் பரிந்துரைக்கப் போகிறோம்' என்று ஒரு நாடு கொடுக்கும் முன்னறிவிப்பு மாதிரி. பட்டியலில் குறைந்தது ஓராண்டாவது இருந்தால்தான் முறையாக விண்ணப்பிக்கவே முடியும். அந்த விண்ணப்பத்தில் எல்லை, பராமரிப்புத் திட்டம், சுற்றியுள்ள பகுதிக்கான பாதுகாப்பு எல்லாவற்றையும் காட்ட வேண்டும். புல் தரையை எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்ற கேள்வி அங்கேயும் வரும்.

போனால் என்ன பார்க்கலாம்?

பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நிற்கும் பெருங்கற்கள், அகழாய்வுப் பள்ளங்கள், எதிரே மலை. வசந்த காலத்தில் அந்த மேட்டிலிருந்து தெரியும் காட்சிக்காகவே போகலாம். ஷாலிமார் தோட்டத்துக்குப் போகிற கார்க்காரரிடம் சொன்னால் கூட்டிப்போவார். கொஞ்சம் நேரம் இருந்தால், ஸ்ரீநகருக்குத் தென்கிழக்கே டிரால் பக்கம் குஃப்க்ரால் என்ற இன்னொரு புதிய கற்கால இடமும் இருக்கிறது. 'குஃப்' என்றால் குகை, 'க்ரால்' என்றால் குயவர். கரேவா மண்ணைக் குடைந்து செய்த குகைகளில் குயவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர்.

கொம்பு வைத்த உருவம் வரைந்த அந்தப் பானையைப் பார்க்க மட்டும் காஷ்மீர் போக வேண்டியதில்லை. அது டெல்லியில், தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.